மாடிக் கொடியும் பேட்டி எடுத்த ஆபீஸரும்

கரி இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துக்கொண்டே எதிரில் நிற்கிற மனிதனின் மனசுக்குள் புகுந்து, அங்கே ஒரு ரவுண்டு சுற்றிவிட்டு, சட்டையை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பக்கூடிய ஒரே ஆள் இந்தச் சென்னைப் பட்டணத்தில் எங்கள் மந்தைவெளி ஆபீஸர்தான். இதை நான் எந்த மேடையில் ஏறியும் சொல்லத் தயார். யாரும் மேடைக்குக் கூப்பிடாததால் இங்கே எழுதுகிறேன்.

ஆபீஸர் என்றதும் ஏதோ அரசாங்க உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அபார்ட்மென்ட் காம்பவுண்டு சுவரை ஒட்டி, புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். இருபது வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. துணியில் அடையாளம், குறி எதுவும் போட மாட்டார். காலரைத் தடவிப் பார்த்தே இது இன்னார் சட்டை என்று சொல்லிவிடுவார். ரொம்ப நாள் அவரை எல்லாரும் 'இஸ்திரி' என்றுதான் கூப்பிட்டோம். ஒரு டிவி தொடர் வந்துதான் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. அந்தத் தொடரை அவர் செல்போனில் ஏற்றிக் கொடுத்த பாவி நான்.

"சார், இந்த மாமியா மருமவ சண்டையெல்லாம் பேஜாரா கீது. புத்திக்கு வேல குடுக்கற மாதிரி எதுனா ஒண்ணு போட்டுக் குடு சார்" என்று ஒருநாள் கேட்டார். எனக்கும் அந்த ஆப் சமாச்சாரமெல்லாம் சுத்தமாகத் தெரியாது. மகள் கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, குத்துமதிப்பாக எதையோ அமுக்கினேன். தமிழில் பேசுகிற ஒரு அமெரிக்கத் தொடர் வந்து நின்றது. கோட்டும் டையும் போட்ட இரண்டு ஆபீஸர்கள் ஜெயில் ஜெயிலாகப் போகிறார்கள். வரிசையாகப் பத்துப் பேரைக் கொன்றவன், பதினைந்து பேரைக் கொன்றவன் என்று ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

வண்டி ஓரமாக நின்று நானும் இரண்டு எபிசோட் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இதுல யாருப்பா கொலைகாரன்?"

"தோ, ஒக்காந்துகினு கீறானே, அவன்தான்."

"அவனைத்தான் ஏற்கெனவே பிடிச்சாச்சே! அப்போ இவங்க யாரைத் தேடுறாங்க?"

"யாரையும் தேடல சார்."

"பின்ன எதுக்கு போலீஸ்?"

"பேசறதுக்கு. அவன் ஏன் அப்டி ஆனான், சின்ன வயசுல அவங்கம்மா அவன இன்னா சொல்லி திட்டுச்சி, அத்தெல்லாம் கேக்கறாங்க. நேரா கேட்டா எவனும் சொல்ல மாட்டான் சார். குந்த வெச்சி, டீ குடுத்து, சுத்தி வளச்சி கேக்கணும். அவனா சொல்லுவான்."

அடுத்த வாரம் வண்டிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் முளைத்தது. அதற்கடுத்த வாரம் ஆபீஸர் கழுத்தில் ஒரு டை தொங்கியது. யாரோ திரும்பி வாங்க மறந்துபோன மெரூன் கலர் டை. கீழே லுங்கி, மேலே பனியன், நடுவில் டை. கரிப் பெட்டியைக் குனிந்து தேய்க்கும்போது டையின் நுனி இரண்டு தடவை பொசுங்கிவிட்டது. அவர் அதைக் கழற்றவே இல்லை. அன்றிலிருந்து தெருவே அவரை ஆபீஸர் என்று கூப்பிட ஆரம்பித்தது. சொந்தப் பெயரை நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

முதல் வழக்கு, வண்டிக்குக் கீழே யாரோ தினமும் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போனது. துணி கொடுக்க வந்தவர்களை எல்லாம் ஸ்டூலில் குந்த வைத்துப் பேட்டி எடுத்தார். குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சின்ன வயசுல யார பாத்தா பயம்?" என்று ஆரம்பிப்பார், அவ்வளவுதான். வாட்ச்மேன் தனக்குப் பூனை என்றால் பயம், அதனால்தான் மோட்டார் ரூம் பக்கம் போவதே இல்லை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது வீட்டு இன்ஷூரன்ஸ்காரர், கல்யாணமான நாளிலிருந்து மனைவி வைக்கிற வத்தக்குழம்பு பிடிக்காது, ஆனால் சொன்னதே இல்லை என்று கண் கலங்கினார். காலேஜ் லெக்சரர் அம்மா ஒருத்தர், தம்பியோடு பேசி ஏழு வருஷமாச்சு என்று சொல்லி அழுதுவிட்டு, அங்கேயே நின்று தம்பிக்குப் போன் பண்ணினார். குப்பைப் பையை வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் குப்பை நின்றுவிட்டது. இது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் இருக்கிற மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி கிளம்பிப் போனாள். இரண்டு மாசம் நான் தனி ஆள். வீட்டு வேலைக்கு வருகிற செல்வி ஒரு வேளை சமைத்து வைப்பாள். ஒற்றை ஆள் துணிதானே என்று வெள்ளிக்கிழமை மட்டும் துவைத்து மாடியில் காயப் போடுவாள். சாயங்காலம் நான் போய் எடுத்துவர வேண்டும். மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு கொடி. தண்ணித் தொட்டியிலிருந்து எண்ணினால் மூன்றாவது கொடி எங்களுடையது. நான் எழுதவேண்டிய கட்டுரையை யோசித்துக்கொண்டே ஏறுவேன், அள்ளிக்கொண்டு இறங்குவேன், அப்படியே மூட்டையை ஆபீஸரிடம் கொடுத்துவிட்டு வாக்கிங் போவேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். செல்வி கை வைத்த துணி வாரத்துக்கு வாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. சட்டையெல்லாம் புத்தம் புதுசாக மின்னியது. நானும் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆனால் சனிக்கிழமை காலையில் வந்தால் அவள் வேறு மாதிரிப் பேசுவாள்.

"சார், துணி மாடியிலயே தொங்கினு கீது. எடுக்கவே மாட்டீங்களா?"

"நேத்தே எடுத்துட்டேனேம்மா."

அவள் என்னைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். அப்புறம் அவள் ஒரு அணைப்புத் துணியைக் கொண்டுவந்து கட்டில்மேல் போட்டுவிட்டுப் போவாள். பாவம், வேலைக் களைப்பில் ஏதோ குழம்புகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போது அசோசியேஷன் செக்ரட்டரி மாமா குய்யோ முறையோ என்று கீழே இறங்கி வந்தார். அவரும் என்னைப் போல ரிடையர் ஆனவர். என்னைப் போலவே அரைக்கை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேஷ்டி, என் அளவுக்குத் தொப்பை. "நாலு வாரமா மாடியில எங்காத்துத் துணி காணாமப் போயிண்டிருக்கு. ஆறு சட்டை, ரெண்டு வேஷ்டி, எங்காத்து மாமியோட புடவை ஒண்ணு. அதுவும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை! இதை இப்படியே விட்டுட முடியாது" என்றார்.

அந்த வீட்டிலும் துவைத்துக் காயப்போடுகிறவள் செல்விதான். எங்கள் கட்டடத்தில் மொத்தம் நான்கு வீடு அவளுக்கு. முன்பு அடையாறு ஆற்றங்கரையில் இருந்தவர்களைப் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோது அவள் குடும்பமும் போய்விட்டது. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கெல்லாம் வந்து நிற்பாள். மாடிக்கு யார் போகிறார், யார் வருகிறார் என்று பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங், அதற்குள் துணி கிடைக்காவிட்டால் செல்வி இனிமேல் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று செக்ரட்டரி மாமா சொல்லிவிட்டார். நாலு வீடும் ஒரே நாளில் போனால் அவள் கதி என்ன?

ஆபீஸர் வழக்கைக் கையில் எடுத்தார். "கரெக்டா வெள்ளிக்கெழம. ஒரே வூட்டுத் துணி. பேட்டர்னு கீது சார்" என்றார். செல்வியை விசாரித்தார். வாட்ச்மேனை விசாரித்தார். துணியைப் பறிகொடுத்த செக்ரட்டரி மாமாவையே அரைமணி நேரம் விசாரித்து, அவர் சின்ன வயசில் பரீட்சையில் பிட் அடித்ததை வெளியே கொண்டுவந்தார். ஆனால் மூன்று தடவை பேட்டி எடுத்தது என்னை மட்டும்தான். எழுதுகிற ஆள், மனித மனசு தெரிந்தவர், ஆலோசனை கேட்கிறார் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் தடவை டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "சார், சின்ன வயசுல எதுனா அடுத்தவங்க சாமான எடுத்துனு வந்துக்கீறியா? தெரியாம?" என்றார்.

"மூணாங்கிளாஸ்ல ஒரு பையனோட சிலேட்டுக் குச்சி."

"எடுக்கறப்போ அது உன்து இல்லன்னு தெரியுமா?"

"நல்லா தெரியும்."

ஆபீஸர் பெருமூச்சு விட்டார். துணி சுற்றுகிற பேப்பரில் பென்சிலால் ஏதோ எழுதி அடித்துவிட்டார்.

இரண்டாவது தடவை: "மாடியில துணி எடுக்கறப்போ மனசுல இன்னா ஓடும் சார்?"

"ஒண்ணும் ஓடாது. கட்டுரையைப் பத்தி யோசிச்சிட்டிருப்பேன்."

"கண்ணு எங்க இருக்கும்?"

"கண்ணு இருக்கிற எடத்துலதான் இருக்கும்! இது என்னப்பா கேள்வி?"

'ஒண்ணும் ஓடாது' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அதில் அவருக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது தடவை, சனிக்கிழமை. என் மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இந்த சட்ட யார்து சார்?"

"என்னுதுதான்."

"நல்லா பாரு சார்."

பார்த்தேன். "நல்லாத்தான் தேய்ச்சிருக்கே" என்றேன். பாராட்டுக்கு ஏங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சட்டையை மெதுவாக மடித்தார். "செல்விக்கு ரெண்டு பஸ்ஸு சார்."

"பாவம்பா அந்தப் பொண்ணு."

"நாளைக்கு மீட்டிங்கு. அதுக்குள்ள எடுத்தவன் தானா சொல்லிட்டா நல்லா இருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனாவது சொல்றதாவது! ஒரு ஏழைப் பொண்ணு மாட்டிக்கிட்டு முழிக்குது, பார்த்துக்கிட்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான் பாரு, சரியான நெஞ்சழுத்தக்காரன்!"

ஆபீஸர் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிறு காலை கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் படியிறங்கி வரும்போதே ஆபீஸர் குறுக்கே ஓடி வந்தார். கையில் என்னுடைய பழைய பழுப்பு ஏறிய சட்டை.

"சார், அந்த சட்டைய கயட்டு. இத்த போட்டுக்கோ."

"ஏன்? இதுக்கு என்ன?"

"காலர்ல கரி பட்ருச்சி சார். ஜல்தி!"

கரியும் இல்லை, கிரியும் இல்லை. ஆனால் மனிதர் பட்டனையே கழற்ற ஆரம்பித்துவிட்டார். லெட்டர் பாக்ஸ் பக்கத்தில் நின்று அரை நிர்வாணமாகச் சட்டை மாற்றிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் போய் செக்ரட்டரி மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

செல்வி தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

"யாரையும் திருடின்னு சொல்லலைம்மா. ஆனா நம்பிக்கை போயிடுத்து. இனிமே நீ வர வேண்டாம்" என்றார் மாமா.

"நாலு வூடும் போச்சின்னா நான் இன்னா சார் பண்ணுவேன்? நான் எடுக்கல சார். என் புள்ளைங்க மேல சத்தியமா எடுக்கல."

அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு, டையோடு ஆபீஸர் உள்ளே வந்தார்.

"அந்தப் பொண்ணு எடுக்கல சார். நான்தான்."

எல்லாரும் எழுந்துவிட்டோம். முட்டி வலிக்காரர்கள் இருக்கிற இரண்டு மூன்று வீட்டுக்கு அவரே மாடியேறித் துணி எடுத்துவருவது வழக்கம். அதைச் சொன்னார். "கொடி மாறி எடுத்துட்டேன் சார். செல்லுல படம் பாத்துகினே தேச்சேனா, எந்த மூட்டையில போட்டேன்னே தெர்ல. எந்தத் தெருவுக்குப் போச்சோ."

"என்னய்யா சொல்லிண்டிருக்கே? நாலு வாரமுமா?"

"நாலு வாரமும்தான் சார். அவ்ளோ நல்ல படம்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக ஒரு கைக்குட்டை மாறாத மனுஷன்! தொடரைப் போட்டுக் கொடுத்தவன் நான் என்ற உறுத்தல் வேறு. அதை மறைக்க நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "ஏம்பா, செல்போனைப் பார்த்துக்கிட்டே வேலை செஞ்சா இப்படித்தான் ஆகும். உன்னால ஒரு பொண்ணு திருட்டுப் பட்டம் வாங்கப் பார்த்துச்சே, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?"

"தப்புதான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

செல்வி தப்பித்தாள். ஆபீஸர் மாட்டினார். ஐந்து வீட்டுக்காரர்கள் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். காம்பவுண்டு சுவரை விட்டு வண்டியை நகர்த்தச் சொல்லிவிட்டதால், அவர் எதிர்ப்பக்கம் மொட்டை வெயிலுக்குப் போய்விட்டார். ஸ்டூலும் இல்லை, பேட்டியும் இல்லை. செல்போனைப் பையில் போட்டு வைத்துவிட்டார்.

புதன்கிழமை மனைவி பெங்களூரிலிருந்து வந்தாள். பேத்தியின் போட்டோவைக் காட்டி முடித்துவிட்டு பீரோவைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

"இது யாரோட புடவைங்க?"

"உன்னோடதுதான்."

"நான் என்னைக்கு மாம்பழக் கலர்ல சுங்குடி கட்டினேன்?"

"கட்டினதில்லையா?"

முப்பத்தைந்து வருஷக் குடித்தனம். அவள் எந்தக் கலரில் என்ன கட்டுவாள் என்று எனக்குத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்தப் புடவையைக் கொடியில் பார்த்தபோது, ஊருக்குப் போனவள் புடவை எப்படி இங்கே என்று ஒரு நிமிஷம் குழம்பத்தான் செய்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க செல்வி எடுத்துத் துவைத்திருப்பாள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டு, மடித்து பீரோவில் வைத்தேன்.

அவள் என் அலமாரியைத் திறந்தாள். எண்ணினாள். "உங்களுக்கு எட்டு சட்டைதானே? இதென்ன பதினாலு? எந்தக் கொடியில எடுத்தீங்க?"

"தொட்டியிலேர்ந்து மூணாவது. எப்பவும் போல."

"ஐயோ ராமா! புதுத் தொட்டி வெச்சதும் கொடியெல்லாம் மாத்திட்டாங்களே! நம்மளுது இப்போ கடைசி. மூணாவது செக்ரட்டரி வீட்டுது. அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புல போட்டாங்களே! பெங்களூர்ல இருந்துக்கிட்டு நான் படிச்சேன், இங்கயே இருக்கிற உங்களுக்குத் தெரியலையா?"

தினமும் முப்பது குட்மார்னிங் வருகிறதே என்று அந்த குரூப்பை நான் என்றைக்கோ சத்தமில்லாமல் பண்ணிவிட்டேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுப்பு வேண்டாமா என்று நான் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது.

எதிர்ப்பக்கம் போனேன். வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அம்மா ஊர்லேர்ந்து வந்துட்டாங்களா?"

"உனக்கு எப்போ தெரியும்?"

"மொத மூட்டையிலயே தெரியும் சார். மாமாவோட காலர் எனுக்குத் தெரியாதா? ஓரமா வெச்சிகினு அவராண்ட குடுத்துடலாம்னு பாத்தேன். உன் மூட்டையில கொறைஞ்சா நீ என்ன கேப்பியே, இன்னா சொல்றதுன்னு வுட்டுட்டேன். நீயா ஒருநாள் பாப்பேன்னு நெனச்சேன்."

"அப்போ மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அத்தனை பேர் முன்னாடி உன்னை நான் திட்டினேனே!"

பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்தப் படத்துல கீறவனுக்கெல்லாம் தாம் பண்ணது தெரியும் சார். டீ குடுத்து கேட்டா சொல்லுவான். உனுக்கு தெரியவே தெரியாதே! மீட்டிங்குல சொல்லியிருந்தா நீ அங்கயே செத்துருப்ப சார். செல்வியும் போவக்கூடாது, உன் மானமும் போவக்கூடாது. வேற இன்னா பண்றது?"

நான் அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அழுதேன்.

ஆறு சட்டை, இரண்டு வேஷ்டி, ஒரு புடவை. தோளில் போட்டுக்கொண்டு செக்ரட்டரி மாமா வீட்டு பெல்லை அடித்தேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மாமா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என் சட்டையைப் போட்டுண்டு ஊரெல்லாம் சுத்தினேளா?"

"ஆமாம் சார்."

"மீட்டிங்குக்குமா?"

"படி வரைக்கும் வந்தேன். அவர்தான் கழற்ற வெச்சார்."

உள்ளேயிருந்து மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமா சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து ஆபீஸரிடம் போனார். "வண்டியை இந்தப் பக்கமே தள்ளிண்டு வாப்பா. அங்க வெயில் தாங்காது" என்றார். வண்டியை ஒரு பக்கம் ஆபீஸர் தள்ள, மறுபக்கம் நான் தள்ளினேன். மறுநாள் காலையில் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சனிக்கெழம சனிக்கெழம சொன்னேனே சார், துணி அங்கயே கீதுன்னு" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மனுசன் மட்டும் வரலன்னா, அன்னிக்கி நான் எந்த மூஞ்சோட வூட்டுக்குப் போயிருப்பேன் சார்?" என்றாள்.

அந்தக் கட்டடத்தை இப்போது இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் நங்கநல்லூருக்கு வந்துவிட்டோம். மாசத்துக்கு ஒருநாள் சட்டைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு மந்தைவெளிக்குக் கிளம்பிவிடுவேன். "ஏங்க, இந்த ஊர்ல இஸ்திரி போட ஆளே இல்லையா?" என்று மனைவி கேட்கிறாள். தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், நன்றாகவே தேய்க்கிறார்கள். ஆனால் நான்தான் எடுத்தேன் என்று தெரிந்தும், என்னை ஒரு நிமிஷம்கூடத் திருடனாக நினைக்காதவர் அங்கேதான் இருக்கிறார்.